குங்ஃபூப் பள்ளியும் போட்டி மேடையும்

"எந்தக் குங்ஃபூப் பள்ளியில் சேரலாம்?" என்று நம் கல்லூரி மாணவ நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: "எதற்காக?" உடல் நலத்திற்காக என்பார் சிலர். தற்காப்புக்காக என்பார் சிலர். இவ்விரு திறத்தாருக்கும் விடை எளிது. வீட்டிற்கு அருகில், ஒழுக்கமுள்ள ஆசிரியர் ஒருவர் நடத்தும் பள்ளி எதுவாயினும் போதும். ஆனால், "போட்டியில் கலந்துகொண்டு வெல்ல வேண்டும்" என்று சொல்பவருக்கு அந்த விடை போதாது. அவருக்கு உரிய விடையை நான் நூலில் படித்து அறியவில்லை, தோற்று அறிந்தேன். நான் தோற்ற இடத்தில் இன்னொருவர் தோற்க வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்காண்டு உழைப்பும் நான்கு நிமிடமும்

பள்ளி நாட்களிலேயே மரபுவழிக் குங்ஃபூப் பயிற்சியில் சேர்ந்தேன். எங்கள் மாஸ்டர் கண்டிப்பானவர். மாதக் கணக்கில் குதிரை நிலையில் நிற்க வைத்தார். தொடை நடுங்கும், வியர்வை சொட்டும், ஆனாலும் எழ முடியாது. பிறகு ஒவ்வொன்றாக ஃபார்ம் கற்றுத் தந்தார். ஃபார்ம் என்பது எதிராளி ஒருவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு, வகுத்த வரிசைப்படி தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். நான்காண்டுகளில் வெறுங்கை ஃபார்ம்களோடு கோலும் வாளும் எனக்குக் கைவந்தன. ஆண்டு விழாவில் நான் செய்து காட்டியபோது கைத்தட்டல் ஓய வெகு நேரமாயிற்று. அக்கைத்தட்டலே என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மாநில அளவிலான போட்டியில் சான்டாப் பிரிவில் பெயர் கொடுத்தேன். சான்டா என்பது கையுறையும் காப்புக் கவசமும் அணிந்து நேருக்கு நேர் மோதும் சண்டை. முதற்சுற்றில் நான் செய்தது எங்கள் பள்ளியிலேயே மிக அழகானது என்று பெயர் பெற்ற உயர் உதை. எதிரே நின்ற மாணவர் அதைத் தடுக்கவில்லை, காலைப் பிடித்துக்கொண்டார். மறு காலை ஒரு தட்டுத் தட்டினார். நான் முதுகு தரையில் பட விழுந்தேன். அவருக்கு 2 புள்ளி. மீண்டும் உதைத்தேன், மீண்டும் விழுந்தேன். இரண்டாம் சுற்றில் பின்வாங்கிப் பின்வாங்கி மேடையின் விளிம்புக்கு வந்ததே எனக்குத் தெரியவில்லை. இருமுறை மேடையிலிருந்து கீழே தள்ளப்பட்டேன். ஒரே சுற்றில் இருமுறை விழுந்தால் அச்சுற்று தோல்வி என்பது அன்றைய விதி. அதையும் அப்போதுதான் அறிந்தேன். நான்காண்டு உழைப்பு நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அன்றிரவு பேருந்தில் வரும்போது என் மனம் முழுவதும் மாஸ்டர் மீதுதான் கோபம். ஏமாற்றப்பட்டேன் என்றே எண்ணினேன். அக்கோபம் சரியானதா என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

போட்டி என்பது ஒன்றா, பலவா?

குங்ஃபூ என்னும் சீனச் சொல்லுக்கு, உழைப்பாலும் காலத்தாலும் ஈட்டிய திறமை என்பதே அடிப்படைப் பொருள். சமையற்காரரின் கைத்திறனையும் எழுத்தோவியரின் கைத்திறனையும் கூடச் சீனர் அச்சொல்லால் குறிப்பர். போர்க்கலையைக் குறிக்கச் சீனாவில் வழங்கும் பொதுச் சொல் வூஷூ. போட்டி விளையாட்டாக உலகெங்கும் அறியப்படுவதும் இப்பெயராலேயே. 1990இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் வூஷூ இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே பன்னாட்டு வூஷூக் கூட்டமைப்பும் தோன்றியது. 1991இல் முதல் உலகப் போட்டி பெய்ஜிங்கில் நடைபெற்றது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் சான்டாவும் சேர்ந்தது.

போட்டி என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனி வாயில்கள்.

முதலாவது தாவ்லூ. இது ஃபார்ம் போட்டி. 14 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள விரிப்பின் மேல் ஒருவர் தனியே செய்துகாட்ட, நடுவர்கள் மதிப்பெண் தருவர். ஆனால் இது நம் மரபுப் பள்ளிகளில் கற்பிக்கும் ஃபார்ம் அன்று. 1950களின் இறுதியில் சீன அரசின் விளையாட்டுத் துறை பழைய பாணிகளிலிருந்து எடுத்துத் தொகுத்து, 1959இல் விதிகளும் வகுத்த புதிய வடிவம் இது. வடபுலப் பாணிகளிலிருந்து சாங்ச்சுவானும், தென்புலப் பாணிகளிலிருந்து நான்ச்சுவானும் இவ்வாறு உருவாயின. பன்னாட்டுப் போட்டிகளில் வழங்கிவரும் முறைப்படி மொத்தம் 10 மதிப்பெண். அசைவின் தரத்திற்கு 5, ஒட்டுமொத்தத் திறனுக்கு 3, காற்றில் சுழன்று தாவும் கடின அசைவுகளுக்கு 2. திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்ற ஜெட் லீ 1970களில் சீன நாட்டின் வாகையராக விளங்கியது இத்துறையில்தான். சண்டைப் போட்டியில் அன்று.

இரண்டாவது மரபு ஃபார்ம் போட்டி. பழைய பாணிகளை அப்படியே செய்துகாட்டுவோருக்கென்று 2004இல் சீனாவின் ஜெங்ஜோ நகரில் உலக மரபு வூஷூப் போட்டி தொடங்கப்பெற்றது. ஷாவோலின் கோயில் அமைந்துள்ள ஹெனான் மாநிலத்தின் தலைநகரம் இது.

மூன்றாவது நான் தோற்ற சான்டா. 1979இல் சீனாவில் சில விளையாட்டு நிறுவனங்களில் சோதனை முறையில் தொடங்கி, குத்து, உதை, வீழ்த்தல் மூன்றையும் ஒன்றாக்கி அமைத்தது. 80 சென்டிமீட்டர் உயரமும் 8 மீட்டர் சதுரமும் கொண்ட மேடை. சுற்றிலும் கயிறு கிடையாது. 2 நிமிடச் சுற்றுகள். மூன்றில் இரண்டை வென்றவர் வெற்றியாளர்.

நம் நாட்டவர் பெருமை பெற்றிருப்பது பெரும்பாலும் சான்டாவில். 2010 குவாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் மணிப்பூரின் சந்தியாராணி தேவி வெள்ளி வென்றார். 2017இல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த உலகப் போட்டியில் பூஜா காதியான் 75 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். 2022க்கு உரியதாக இருந்து 2023இல் நடைபெற்ற ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 60 கிலோ பிரிவில் மணிப்பூரின் ரோஷிபினா தேவி வெள்ளி பெற்றார். மூவரும் பெண்கள் என்பதை நம் மாணவியர் கவனிக்க வேண்டுகிறேன்.

இம்மூன்று வாயில்களில் எதில் நுழையப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் பள்ளியைத் தேடுவது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் பேருந்தில் ஏறுவதைப் போன்றது. நான் இரண்டாம் வாயிலுக்குரிய பயிற்சியை எடுத்துக்கொண்டு மூன்றாம் வாயிலில் நுழைந்தேன்.

தேர்ந்த கை ஏன் தடுமாறுகிறது?

"ஃபார்ம் நன்றாக வந்தால் சண்டையும் தானாக வரும்" என்று பலர் சொல்வர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1954 ஜனவரியில் மக்காவ் நகரில் புகழ்பெற்ற பந்தயம் ஒன்று நடைபெற்றது. ஹாங்காங்கில் ஷெக் கிப் மெய் பகுதியில் முந்திய மாதம் ஏற்பட்ட பெருந்தீயில் வீடிழந்த மக்களுக்கு நிதி திரட்டும் நோக்கமும் அதற்கு உண்டு. ஒருபுறம் வூ பாணித் தாய்ஜியின் தலைவரான வூ குங்யீ. ஐம்பது வயதைக் கடந்தவர். மறுபுறம் வெண்கொக்குப் பாணியின் இளம் ஆசிரியர் சான் ஹாக்ஃபூ. இருவருமே தத்தம் கலையில் ஐயத்திற்கு இடமில்லாத தேர்ச்சி உடையவர்கள். மக்கள் எதிர்பார்த்ததோ கதைகளில் வரும் வித்தைகளை. பந்தயம் இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தப்பட்டது. வெற்றி தோல்வி எவருக்கும் அறிவிக்கப்படவில்லை. அதன் படச்சுருள் இன்றும் கிடைக்கிறது. அதைப் பார்ப்பவர் கண்ணுக்கு ஃபார்மில் உள்ள அழகிய நிலைகள் அதிகம் தென்படுவதில்லை. அவசரக் குத்துகளும் தடுமாற்றமும் மூக்கில் வழியும் குருதியுமே தென்படுகின்றன. அவர்களுடைய கலை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அடிக்க விரும்பும் ஒருவன் எதிரே நிற்கும்போது நெஞ்சு துடிக்கும், மூச்சு வாங்கும், தூரம் தவறும். இவற்றைப் பழக்குவதற்கும் தனியாக ஒரு பயிற்சி வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

இதைச் சீனரே நெடுங்காலத்திற்கு முன் உணர்ந்திருந்தனர். 16ஆம் நூற்றாண்டில் மிங் அரசின் படைத்தலைவராக இருந்த சீ ஜிகுவாங், கடற்கொள்ளையரை எதிர்க்கப் படை திரட்டியபோது போர்ப்பயிற்சி நூல் ஒன்றை எழுதினார். அதில் கைச்சண்டைக்கு 32 நிலைகளைத் தொகுத்துள்ளார். பெரும்போரில் கைச்சண்டைக்கு அதிகப் பயன் இல்லை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும் அவர், கைகால்களைப் பழக்கிப் புதியவரைக் கலைக்குள் அழைத்துச் செல்லும் வாயில் அது என்கிறார். அத்தோடு நிற்கவில்லை. கற்றதை எதிராளியிடம் சோதித்தே ஆக வேண்டும் என்றும், அதில் தோற்றால் வெட்கமும் வென்றால் வியப்பும் கொள்ளலாகாது என்றும் கூறுகிறார். வாயிலையே வீடு என்று நான்காண்டுகள் எண்ணியிருந்தது என் பிழை.

"எங்கள் கலை உயிரைப் பறிக்கக்கூடியது, ஆகவே போட்டிக்கு ஏற்றதன்று" என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. கண்ணிலும் தொண்டையிலும் தாக்கும் முறைகளைப் போட்டியில் விலக்கியிருப்பது உண்மைதான். ஆனால் எவர் மீதும் முழு வேகத்தில் பழக முடியாத ஒரு தாக்குதல், வேண்டிய நேரத்தில் கைகொடுக்கும் என்பதற்கு என்ன உறுதி? 1882இல் ஜப்பானில் கோடோக்கன் பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ, பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஆபத்தான முறைகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றை மாணவர் முழு வலுவுடன் ஒருவரோடொருவர் மோதிப் பழகும்படி செய்தார். அவ்வாறு உருவானதே ஜூடோ. குறைந்த எண்ணிக்கையிலான பிடிகளை எதிர்ப்புக்கிடையே ஆயிரம் முறை பழகியவர், நிறைந்த எண்ணிக்கையிலான பிடிகளைக் காற்றில் பழகியவரைவிட மேம்பட்டு நின்றார்.

பாணியும் விதியும்

எந்தப் பாணியும் எந்தப் போட்டிக்கும் பொருந்திவிடாது. போட்டியின் விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டு பாணியைப் பார்க்க வேண்டும்.

சான்டாவில் வழங்கிவரும் புள்ளி முறை இது: தலைக்கோ உடலுக்கோ உதைத்தால் 2, தான் நின்றுகொண்டு எதிராளியை வீழ்த்தினால் 2, மேடையிலிருந்து தள்ளினால் 2, குத்துக்கும் தொடை உதைக்கும் 1. முழங்கை, முழங்கால் தாக்குதலுக்கு இடமில்லை. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் போட்டிக்கு முன் புதிய விதிநூலைப் பார்த்துக்கொள்வது நன்று.

இவ்விதிகளின் முன் விங் சுன் பாணியை நிறுத்திப் பாருங்கள். எதிராளியின் கையைத் தன் கையால் உணர்ந்து சிக்கவைப்பது அதன் உயிர். தடித்த கையுறை அணிந்ததும் அவ்வுணர்வு மங்குகிறது. முழங்காலை நோக்கிய தாழ்ந்த உதைக்குப் புள்ளி கிடைப்பதில்லை. நெருங்கி நின்றால் எதிராளி இடுப்பைக் கட்டி வீழ்த்திவிடுவார். இது விங் சுன்னின் குறை அன்று; அது வேறு தேவைக்காகப் பிறந்த கலை. மாறாக, சோய் லீ ஃபட் பாணியின் வீசிக் குத்தும் நீண்ட கைகள் கையுறையோடும் ஓரளவு ஒத்துவருகின்றன. ஷுவாய் ஜியாவ் என்னும் சீன மல்யுத்தம் பயின்றவருக்குச் சான்டாவின் வீழ்த்துமுறைகள் தாய்மொழி போன்றவை. தாய்ஜி கற்பவருக்கோ, ஒருவரையொருவர் தள்ளி நிலைகுலைக்கும் கைத்தள்ளல் போட்டிகள் தனியே உண்டு.

பாணியைக் கைவிடாமலும் விதிக்கு இணங்க முடியும் என்பதற்கு ஒரு சான்று புரூஸ் லீ. ஹாங்காங்கில் இப் மானிடம் விங் சுன் கற்றுக்கொண்டிருந்த அவர், 1958இல் பள்ளிகளுக்கிடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் வென்றார். விங் சுன் தெரியும் என்ற துணிவில் மட்டும் அவர் வளையத்திற்குள் ஏறவில்லை. தம் பள்ளியின் குத்துச்சண்டைப் பயிற்சியாளரிடம் கையுறை அணிந்து பழகிய பிறகே ஏறினார்.

மாலை வகுப்பில் காண வேண்டியவை

விளம்பரப் பலகையையோ ஆண்டு விழாவையோ பார்த்துப் பள்ளியை மதிப்பிடாதீர்கள். ஓர் ஓரத்தில் அமர்ந்து, சாதாரண நாளின் மாலை வகுப்பு ஒன்றை முழுவதும் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கும் பள்ளியைப் பற்றி அதற்குமேல் அறிய வேண்டுவதில்லை. அனுமதி கிடைத்தால் கடிகாரத்தையும் கவனியுங்கள்.

ஒன்றரை மணி நேர வகுப்பில் தனியாகச் செய்யும் ஃபார்முக்கு எத்தனை நிமிடம்? இருவராகப் பழகுவதற்கு எத்தனை நிமிடம்? எது வரும் என்று முன்கூட்டித் தெரியாத ஸ்பாரிங்குக்கு எத்தனை நிமிடம்? எங்கள் பள்ளியில் இந்த மூன்றாவது எண் சுழியம் என்பதை நான் நான்காண்டுகள் கவனிக்கவில்லை. தாவ்லூப் போட்டிக்குச் செல்ல விரும்புபவர் வேறு கணக்குப் பார்க்க வேண்டும். தாவிச் சுழன்று இறங்குவதற்குரிய விரிப்பு உண்டா, அதற்கேற்ப உடலை வளைக்கும் பயிற்சி உண்டா, ஆசிரியர் மதிப்பெண் முறையை அறிவாரா என்பன அவை.

அடுத்து, இருவர் பழகும்போது குத்துபவரின் கையைப் பாருங்கள். குத்திவிட்டுக் கையை நீட்டியபடியே நிற்கிறாரா? எதிரே இருப்பவர் அக்கையைப் பிடித்து நான்கைந்து வித்தைகள் செய்யும்வரை சிலையாகக் காத்திருக்கிறாரா? அப்படியானால் அது ஃபார்மின் இன்னொரு வடிவமே. மேடையில் எவரும் கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

மூத்த மாணவர்களைப் பாருங்கள். இளையவர் ஒரு குத்துத் தொட்டுவிட்டால் அவர்கள் முகம் சிவக்கிறதா, புன்னகை செய்து மீண்டும் தொடங்குகிறார்களா? தோற்கப் பழகாத இடத்தில் சண்டை பழக முடியாது.

தலைக்கவசம், பற்காப்பு, கையுறை, தரைமெத்தை ஆகியவை உண்டா என்று பாருங்கள். இவை இல்லாமல் முரட்டுத்தனமாக மோதவிடும் பள்ளி, ஸ்பாரிங்கே இல்லாத பள்ளியைவிட மோசமானது. தலையில் விழும் அடி விளையாட்டன்று. வாரந்தோறும் மாணவர் தலைசுற்றி அமர்வதைப் பெருமையாகச் சொல்லும் ஆசிரியரிடம், பதக்கம் கிடைத்தாலும் சேர வேண்டாம். புதியவருக்குத் தலையடியை விலக்கி, வேகத்தைக் குறைத்து, படிப்படியாக ஏற்றும் ஆசிரியரே நல்லாசிரியர்.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை

பார்த்து முடித்தபின் பணிவோடு சில கேள்விகள் கேட்கலாம். "ஐயா, சென்ற ஆண்டு இங்கிருந்து எத்தனை பேர் போட்டிக்குச் சென்றார்கள்? எந்தப் பிரிவில்? எந்த அமைப்பு நடத்திய போட்டி?" இம்மூன்றுக்கும் தெளிவான விடை வர வேண்டும். "என் மாணவர்களை யாராலும் வெல்ல முடியாது" என்பது விடையன்று. "இருவர் முதற்சுற்றிலேயே தோற்றார்கள், வீழ்த்தும் பயிற்சி போதவில்லை என்று தெரிந்தது, இவ்வாண்டு அதைச் சேர்த்திருக்கிறோம்" என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அவரை வணங்கிச் சேர்ந்துவிடுங்கள்.

மரபைப் பற்றியும் ஒரு சொல். பல பள்ளிகளின் சுவரில் போதிதருமரின் படம் இருக்கும். அவர் காஞ்சியிலிருந்து சென்று ஷாவோலின் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்னும் செய்தி, 2011இல் வெளிவந்த "7ஆம் அறிவு" திரைப்படத்திற்குப் பின் நம்மவரிடையே மேலும் பரவியது. ஷாவோலின் கோயில் நிறுவப்பட்டது 5ஆம் நூற்றாண்டின் இறுதியில். போதிதருமரைப் போர்க்கலையோடு இணைக்கும் கதையோ 17ஆம் நூற்றாண்டளவில் தோன்றிய நூலொன்றிலிருந்து வளர்ந்தது என்பது வரலாற்றாசிரியர் கருத்து. அக்கதை நமக்கு இனிக்கிறது, இனிக்கட்டும். ஆனால் சுவரில் உள்ள படம் தரையில் நடக்கும் பயிற்சிக்குச் சான்றாகாது.

அவ்வாறே சான்றிதழும். பெயர் கொடுத்தவர் அனைவருக்கும் பதக்கம் தரும் போட்டிகள் இருக்கின்றன. அலமாரி நிறையும்; திறமை வளராது. இந்தியாவில் வூஷூவுக்குரிய தேசிய அமைப்பு 1989இல் தோன்றிய இந்திய வூஷூச் சங்கம். நீங்கள் சேரும் பள்ளி அதன் மாநில, மாவட்டக் கிளைகளின் வழியே மாணவரை அனுப்புகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளிலும் வூஷூ உண்டு. அதற்கான வழியை நம் உடற்கல்வித் துறையிலேயே கேட்டறியலாம். பணம் கட்டுவதற்கு முன் கேட்பது கட்டிய பின் வருந்துவதைவிட நல்லது.

மாஸ்டரை விட்டுச் செல்வதா?

இனி, பேருந்தில் எனக்கு வந்த கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோற்றபின் இரண்டு வாரம் நான் வகுப்புக்குச் செல்லவில்லை. மூன்றாம் வாரம் சென்றேன். எங்கே போனாய் என்று மாஸ்டர் கேட்கவில்லை. "எப்படி விழுந்தே?" என்று மட்டும் கேட்டார். காலைப் பிடித்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, நீ போட்டிக்குப் போகணும்னு என்கிட்ட ஒரு நாளாவது சொன்னியா?" என்றார்.

எனக்கு விடை வரவில்லை. உண்மையில் நான் சொன்னதே இல்லை. அவர் தம் ஆசிரியரிடம் பெற்றதை அப்படியே எனக்குத் தந்தார். போட்டிக்குத் தயார் செய்வதாக அவர் ஒருநாளும் வாக்களிக்கவில்லை. அவர் தந்ததையும் நான் விரும்பியதையும் ஒன்றென்று நானே எண்ணிக்கொண்டேன். அவர் பால் கறந்து கொடுத்தார். நான் அதில் தயிர் இல்லையே என்று சண்டைக்குப் போனேன்.

"எனக்கு மேடை தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட போய்க் கத்துக்க. அதுக்காக இங்க வர்றத நிறுத்தாதே" என்றார். அப்படிச் சொல்ல எத்தனை பெரிய மனம் வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது. மாணவன் வேறு பள்ளிக்குப் போவதைத் துரோகம் என்று கருதும் ஆசிரியர்கள் உண்டு. அத்தகையவரிடம் சேர்ந்தவர் போட்டிக்குப் போக விரும்பினால் பெரும் மனவேதனைக்கு ஆளாவார். ஆகவே சேரும் நாளிலேயே, "போட்டிப் பயிற்சிக்காக இன்னொருவரிடமும் செல்லலாமா?" என்று கேட்டு வைப்பது இருவருக்கும் நல்லது.

அன்று முதல் வாரத்தில் இரண்டு நாள் சான்டாப் பயிற்சிக்கும், ஞாயிறுதோறும் மாஸ்டரிடமும் சென்றேன். சான்டா வகுப்பில் முதல் மாதம் முழுவதும் எனக்கு விழக் கற்றுத் தந்தார்கள். அதன் பிறகு உதைத்த காலை உடனே திரும்ப இழுக்கவும், பிடிபட்டால் ஒற்றைக்காலில் தத்தி நிற்கவும் பழகினேன். அப்போதுதான் ஒரு வியப்பு. மற்றவர் நிலைகுலையும் இடத்தில் என்னால் நிற்க முடிந்தது. மாதக் கணக்கில் நின்ற குதிரை நிலை தொடையில் இருந்தது. ஃபார்மில் கற்ற இடுப்புத் திருப்பம் குத்தில் இருந்தது. மரபு எனக்கு ஒன்றும் தராமல் இல்லை. அது தந்ததைப் பயன்படுத்தும் இடம்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

மறு ஆண்டுப் போட்டியில் முதற்சண்டையில் வென்றேன், இரண்டாவதில் தோற்றேன். பதக்கம் இல்லை. ஆனால் இம்முறை எதனால் தோற்றேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது, "இப்பத்தான் நீ கத்துக்க ஆரம்பிச்சிருக்கே" என்றார்.

நிறைவாக

மாணவ நண்பர்களே, நான் சொன்னவற்றைச் சுருக்கினால் இவ்வளவே: பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதன் விதிகளைப் படியுங்கள். ஒரு மாலை முழுவதும் அமர்ந்து, அவ்விதிகளுக்குரிய பயிற்சி அங்கே நடக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு உங்கள் விருப்பத்தை ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் "முடியும்" என்றாலும் நன்று. "என்னால் முடியாது, இன்னாரிடம் போ" என்றாலும் நன்று. நான் நான்காண்டுகள் கேட்காமல் இருந்த கேள்விக்கு அவர் விடை சொல்ல எடுத்துக்கொண்டது அரை நிமிடம்.